அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா: கடலோர மாணவி ஒருவரின் கல்லூரிச் சேர்க்கை – நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பருவத்தில் நடந்த நிகழ்வு இது. மாணவி, குடும்பம், ஊர், பள்ளி, கல்லூரிகள் எதையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்கள் மறைக்கப்பட்டுள்ளன. பிளஸ் டூ மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் எடுத்துப் பார்ப்பதற்காக எழுதப்பட்டது.

ராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் வட்டாரத்துக் கடற்கரைச் சிற்றூர். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். சொந்தப் படகு கிடையாது. அம்மா நீர் வற்றும் நாட்களில் பாசி எடுக்கப் போவார், மற்ற நாட்களில் கருவாட்டு வேலை. அண்ணன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். தம்பி நான்காம் வகுப்பு. தாத்தா காலம் தொட்டு வீட்டில் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. எம்.பி.சி. பிரிவு. வருமானச் சான்றிதழில் ஆண்டுக்கு 96,000 ரூபாய்.

மாணவி ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். மேல்நிலையில் கணிதம்–உயிரியல் பிரிவு. 2024 மே 6 அன்று வெளியான முடிவில் தமிழ் 93, ஆங்கிலம் 79, கணிதம் 78, இயற்பியல் 74, வேதியியல் 81, உயிரியல் 84, மொத்தம் 489.

பொறியியல் கலந்தாய்வுக்குக் கணித மதிப்பெண் அப்படியே 100க்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50க்கும் எடுத்துக்கொள்ளப்படும். இவருக்கு 78 + 37 + 40.5 = 155.5. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களை 400க்குக் கூட்டுவார்கள்; இவருக்கு 317. இந்த இரண்டு எண்ணையும் குடும்பம் ஒன்றாகவே நினைத்திருந்தது. ‘கட்டாஃப்’ என்று ஊரில் யார் எதைச் சொன்னாலும், எந்தப் படிப்புக்கான கட்டாஃப் என்று கேட்காமல் பேச்சைத் தொடரக் கூடாது.

மே இரண்டாம் வாரத்தில் நிலை

அன்றைக்கு விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கடலுக்குப் போகாது. அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். கல்லூரி விண்ணப்பங்கள் முழுவதும் இந்த 61 நாளுக்குள்தான் வந்து விழுகின்றன. வீட்டில் காசு அறவே இல்லாத இரண்டு மாதமும், காசு கட்ட வேண்டிய இரண்டு மாதமும் ஒன்றே என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் இக்குடும்பம் எடுத்த முதல் முடிவு புரியும்.

முடிவு வெளியான சில நாளிலேயே வெளி மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் பெயரைச் சொல்லி ஒருவர் ஊருக்கு வந்தார். “முதல் வருஷம் ஹாஸ்டல் இலவசம், கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு உறுதி, கவுன்சிலிங்குக்கு அலைய வேண்டாம்” என்பது அவர் பேச்சு. நகையை அடகு வைத்து 10,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். கையில் இருந்தது முத்திரை இல்லாத துண்டுச்சீட்டு. அசல் சான்றிதழ்களையும் அவர் கேட்டிருக்கிறார். மாற்றுச் சான்றிதழ் இன்னும் பள்ளியிலேயே இருந்ததால் அது கை மாறவில்லை. இந்த ஆய்வில் தற்செயலாக நன்மையாய் முடிந்தது அது ஒன்றுதான்.

இதற்கிடையே ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் பொறியியல் விண்ணப்பத்தையும் பதிந்திருந்தார்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய் கட்டியாயிற்று. அதில் ‘6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவரா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்திருந்தது. ஓ.டி.பி. வரும் எண்ணாக அப்பாவின் கைபேசி.

குடும்பத்தின் எண்ணம் இப்படி இருந்தது: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் எல்லாம் இலவசம். கிடைக்காவிட்டால் பத்தாயிரம் கொடுத்த கல்லூரி இருக்கவே இருக்கிறது. மூன்றாவது வழி யாருக்கும் தோன்றவில்லை.

ஆவணங்களைப் பார்த்தபோது தெரிந்தவை

பள்ளியின் வழிகாட்டிக் குழு முதலில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாகப் பள்ளிகளின் பெயரை எழுதச் சொன்னது. 6, 7, 8 மூன்றும் ஊரிலுள்ள அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடான எமிஸிலும் அப்படியே இருந்தது.

7.5 சதவீத முன்னுரிமை 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021இல் தனிச் சட்டத்தின் மூலம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீண்டது. இதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படும். உதவிபெறும் பள்ளி கொள்ளப்படாது. ஒரு வருடம் அங்கே படித்திருந்தாலும் தகுதி போய்விடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இடம் பெற்றுப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாணவி அந்த வகையிலும் வரவில்லை.

அம்மாவுக்கு இதை ஏற்க முடியவில்லை. “சோறு போட்டாங்க, புஸ்தகம் குடுத்தாங்க, துணி குடுத்தாங்க. பீஸுன்னு அஞ்சு பைசா வாங்கல. அது கவர்மெண்டு பள்ளிக்கூடம் இல்லாம வேற என்ன சார்?” அவர் கேட்டதில் தவறில்லை. சத்துணவு, பாடநூல், சீருடை எல்லாம் இரண்டு வகைப் பள்ளியிலும் அரசு தருவதே. ராமநாதபுரம் கடற்கரையில் பல ஊர்களில் தொடக்கக் கல்வியைப் பல தலைமுறைகளாகத் தாங்கி வந்தவை உதவிபெறும் பள்ளிகள்தான். பெயர்ப்பலகையில் சிறிய எழுத்தில் இருக்கும் ‘அரசு உதவிபெறும்’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஒரு சட்ட வேறுபாடு இருக்கிறது என்று ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது யாரும் சொல்வதில்லை.

வேறு மூன்று விஷயங்களும் அப்போது தெரியவந்தன. ஒன்று, வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை பெற்றுத் தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழை வாங்கவே இல்லை. “அண்ணன் காலேஜ் முடிச்சுட்டான், உங்களுக்குக் கிடைக்காது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டார்கள். டிப்ளமோ பட்டயம், பட்டம் அல்ல. அண்ணன் டிப்ளமோவோடு நிற்பதால் மாணவிக்குத் தகுதி முழுதாக இருந்தது. இரண்டாவது, மாணவியின் வங்கிக் கணக்கு. பள்ளியில் உதவித்தொகைக்காகத் தொடங்கியது. நீண்ட நாள் பயன்படாமல் முடங்கிக் கிடந்தது. மூன்றாவது, ஊருக்கு வந்த தரகர் சொன்ன இடம் நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது கலந்தாய்வில் வராமல் கல்லூரியே நிரப்பிக்கொள்வது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

விண்ணப்பத்தைத் திருத்துவது முதல் முடிவு. “அப்படியே விட்டுப் பார்ப்போம், வந்தால் லாபம்” என்றார் சென்டர்காரர். பொறியியல் கலந்தாய்வு உதவி மையத்தில் சான்றிதழ் சரிபார்க்கும்போது பள்ளி விவரம் எமிஸுடன் ஒத்துப்பார்க்கப்படும். அங்கே பிடிபட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். பிடிபடாமல் இடமே கிடைத்துவிட்டாலும், கல்லூரியில் சேரும் நாளில் ஆறாம் வகுப்பு முதலான படிப்புச் சான்று கேட்பார்கள். அப்போது ரத்தானால் பொதுச் சுற்றும் முடிந்திருக்கும். இரண்டு பக்கமும் இல்லை. ஆகவே சரிபார்ப்புக்கு முன்பே உதவி மையத்துக்கு நேரில் போய் அந்தப் பதிலை ‘இல்லை’ என்று மாற்றினார்கள். அதே நாளில் கைபேசி எண்ணும் மாற்றப்பட்டது.

கைபேசி எண் சின்ன விஷயமாகத் தெரியும். ஜூன் 15க்குப் பிறகு அப்பா கடலுக்குப் போய்விடுவார். இந்தப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்று முறை உண்டு. ஒரு நாள் காலையில் போனால் மறுநாள்தான் கரை. கைபேசி கூடவே போகும், சிக்னல் போகாது. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் பதியச் சில நாள்தான் தருவார்கள். தற்காலிக ஒதுக்கீட்டை உறுதிசெய்ய இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் ஒன்று கடலில் கழிந்தால் என்ன ஆகும்? அண்ணன் ஷிப்டில் இருப்பார், அவரையும் நம்ப முடியாது. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். ஓ.டி.பி. வர அது போதும். அந்த எண்ணையே பதிந்தார்கள்.

அடுத்தது முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் கல்வி விவரத்துக்கான ஆதாரம் வேண்டும். அண்ணனுக்கு டிப்ளமோ சான்றும் பழைய மாற்றுச் சான்றிதழின் நகலும் இணைக்கப்பட்டன. அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா எட்டாம் வகுப்பு. அம்மாவின் மாற்றுச் சான்றிதழ் பிறந்த ஊர்ப் பள்ளியிலிருந்து வர ஒரு வாரம் ஆனது. மண்டலத் துணை வட்டாட்சியர் ஒப்புதலுடன் சான்றிதழ் கைக்கு வந்தபோது மே முடியவில்லை. இதில் வழக்கமாகச் சிக்குவது பெயர்: ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் பட்டியலில் வேறு முதலெழுத்து, குடும்ப அட்டையில் இன்னொன்று. இவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தரகர் சொன்ன கல்லூரியைக் கைவிடுவதுதான் கடினமான முடிவு. கொடுத்த பத்தாயிரத்துக்காகவே போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணம் அப்பாவுக்கு வலுவாக இருந்தது. “நல்லது கெட்டது” என்று வாதிட்டிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். குழு ஒரு தாளில் நான்கு வருடக் கணக்கை எழுதிக் காட்டியது. நிர்வாக ஒதுக்கீட்டில் தரகர் சொன்ன கட்டணம் ஆண்டுக்கு 85,000. நான்கு வருடத்துக்கு 3,40,000. விடுதி முதல் வருடம் இலவசம் என்றாலும் மீதி மூன்று வருடத்துக்கு 60,000 வீதம் 1,80,000. ஆக 5,20,000 ரூபாய். முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாக வரும் இடத்துக்கு மட்டுமே. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. அதே கல்லூரியில், அதே வகுப்பறையில், கலந்தாய்வு வழியாக உட்கார்ந்தால் 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த வரம்பு 50,000 ரூபாய், தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. அதிலும் சலுகை கழியும். இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு அப்பா பத்தாயிரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

பணத்தைத் திரும்பக் கேட்க விதி இருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் விலகும் மாணவரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் நிலைப்பாடு. ஆனால் விதியைப் பயன்படுத்தக் கல்லூரி தந்த ரசீது வேண்டும். முத்திரையில்லாத சீட்டை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது.

மூன்று கதவு

ஒரே விண்ணப்பத்தை நம்பி நிற்க வேண்டாம் என்பதால் மூன்று வழிகள் பேசப்பட்டன.

அரசு கலை அறிவியல் கல்லூரி. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ராமநாதபுரம் மாவட்டத்தில் மட்டும் ராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், கடலாடி, திருவாடானை, ராமேசுவரம் என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. 317க்கு வேதியியலும் விலங்கியலும் எட்டக்கூடியவை. இவற்றின் கலந்தாய்வு ஜூனிலேயே நடந்துவிடும். பொறியியலில் இவர் மதிப்பெண்ணுக்கான சுற்று ஆகஸ்டில்தான் வரும். இடைப்பட்ட இரண்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார வைத்தால் இந்த ஊர்களில் பெண்பிள்ளைக்கு வேறு பேச்சு தொடங்கிவிடும் என்று அம்மாவே சொன்னார். எனவே ஜூனில் கலைக் கல்லூரியில் சேர்வது, பொறியியல் வந்தால் மாறுவது என்று முடிவாயிற்று. பாதியில் விட்டுப்போகும் அந்த இடம் வேறு ஒருவருக்குக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு இருக்கிறது என்பதும் பேசப்பட்டது. இரண்டு கால அட்டவணைகளும் இப்படி விலகி நிற்கும்வரை குடும்பங்களுக்கு வேறு வழியும் இல்லை.

மீன்வளப் பட்டப்படிப்பு. உயிரியலில் 84 எடுத்தவர், கடற்கரைப் பிள்ளை. 1977இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி பேருந்தில் போகக்கூடிய தூரம். நாகப்பட்டினத்தில் 2012 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அதற்கு விண்ணப்பமும் கலந்தாய்வும் தனி. அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: “மீனைத் தெரிஞ்சுக்கக் காசு குடுத்துப் படிக்கணுமா?” மீன்வளத் துறை ஆய்வாளர் முதல் இறால் பண்ணை, ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடு வரை இந்தப் படிப்புக்குப் போகும் இடங்கள் எடுத்துச் சொல்லப்பட்டன. மாணவிக்கும் நாட்டமில்லை. விண்ணப்பிக்கவில்லை.

பொறியியல் பொதுக் கலந்தாய்வு. மாணவியின் விருப்பம் இதுவே. அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

விருப்பப் பட்டியல்

ஜூலை 10 அன்று தரவரிசை வெளியானது. இவருக்கு இரண்டாம் சுற்று.

இணையத்தில் முந்தைய ஆண்டுகளின் கல்லூரிவாரியான, சமூகவாரியான குறைந்தபட்ச மதிப்பெண் கிடைக்கிறது. அதை நேராக ஒப்பிடுவது பெரும் பிழை. ஒரு வருடம் கணிதத்தில் நூற்றுக்கு நூறு அதிகமானால், அதே 155.5க்குத் தரவரிசை பல ஆயிரம் பின்னால் போகும். ஒப்பிட வேண்டியது சமூகத் தரவரிசையை: போன ஆண்டு எம்.பி.சி.யில் எத்தனையாவது இடத்தவருக்கு அந்தப் பாடப்பிரிவு கடைசியாகக் கிடைத்தது, இந்த ஆண்டு நம் இடம் என்ன. நம் இடத்துக்கு மேலேயே முடிந்துபோன பாடப்பிரிவுகளைக் கொஞ்சமும், கீழே வரை கிடைத்தவற்றை நிறையவும் பட்டியலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சென்டரில் அச்செடுத்துத் தந்த முதல் பட்டியலில் எட்டு கல்லூரிகள்தான் இருந்தன. முதலில் இருந்தது வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் கல்லூரி. ‘கட்டாயம் கிடைப்பதை முதலில் போட வேண்டும்’ என்ற தவறான நம்பிக்கை இது. கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கி, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கட்டாயம் கிடைப்பதை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும். கீழே எழுதிய நல்ல கல்லூரியைக் கணினி பார்க்கவே பார்க்காது. மேலே ஆசைப்பட்டதை எழுதுவதால் கீழே உள்ள வாய்ப்பு குறையாது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம், வரம்பில்லை.

புதிய பட்டியலில் 41 வரி. மேலே காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியின் பாடப்பிரிவுகள். அடுத்து ராமநாதபுரம் உள்ளிட்ட தென்மாவட்ட அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளில் (பல்கலைக்கழகமே நடத்துபவை) கம்ப்யூட்டர் சயின்ஸ், இ.சி.இ. (மின்னணுவியல், தொடர்பியல்), ட்ரிபிள் இ (மின், மின்னணுவியல்). அதன் பின்பே தனியார் கல்லூரிகள். இங்கே மாணவிக்கும் குழுவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், உறுப்புக் கல்லூரியில் ட்ரிபிள் இ – எது மேலே? அவர் முதலாவதைச் சொன்னார். வீட்டுக் கணக்கு இரண்டாவதைச் சொன்னது: உறுப்புக் கல்லூரியில் கல்விக் கட்டணம் முதல் பட்டதாரிச் சலுகையில் கழிந்துவிடும், விடுதி உணவுக்கு மாதம் ஏறக்குறைய 3,400 மட்டும் பார்க்க வேண்டும், தனியார் கல்லூரியில் சலுகை போக மீதியும், பேருந்துக்கு ஆண்டுக்கு 28,000மும். அண்ணனிடம் தொலைபேசியில் பேசிவிட்டு அவரே வரிசையை மாற்றினார். குழு மாற்றவில்லை, பட்டியலில் விசையைத் தட்டுவது எப்போதும் மாணவரின் விரலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் அரியரின்போது பழி வேறு பக்கம் போகும்.

பட்டியலைப் பூட்டும் முன் ஒவ்வொரு வரியின் கல்லூரிக் குறியீட்டையும் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார்கள். ஒரே பெயரில் இரண்டு கல்லூரி உண்டு. நல்ல கல்லூரியிலேயே சுயநிதிப் பிரிவு என்று தனி வரி இருக்கும், கட்டணம் வேறு. அப்படி இரண்டு வரிகள் நீக்கப்பட்டன.

பின் நடந்தவை

தற்காலிக ஒதுக்கீட்டில் ஏழாவது விருப்பம் வந்தது: வெளி மாவட்ட உறுப்புக் கல்லூரி ஒன்றில் ட்ரிபிள் இ. ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருப்பது, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவது என்று சில தேர்வுகள் திரையில் வரும். இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அதைத் தேர்ந்தால் உரிய நாளுக்குள் உதவி மையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. மேலே இருந்த ஆறும் உண்மையிலேயே வேண்டியவை என்பதால் அந்த அபாயம் இல்லை. மேல் விருப்பம் கிடைக்கவில்லை. ட்ரிபிள் இ உறுதியானது. ஓ.டி.பி. வந்த நாளில் அப்பா கடலில்தான் இருந்தார்.

அதன் பிறகு எதிர்பாராத இடத்தில் தடங்கல் வந்தது. மாணவி ஜூலையிலிருந்து அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அசல் மாற்றுச் சான்றிதழ் அங்கே. பொறியியல் கல்லூரியில் சேர அது வேண்டும். கலைக் கல்லூரி பழைய பள்ளிச் சான்றிதழை அப்படியே திருப்பித் தருவதில்லை; தன் பெயரில் புதியது எழுதித் தரும். அதற்கு நூலகம், துறை, அலுவலகம் என ஒவ்வொன்றிலும் நிலுவை இல்லை என்று கையெழுத்து வேண்டும். இடையே விடுமுறை விழுந்தது. சேரக் கொடுத்த கடைசி நாளுக்கு முந்தைய மாலைதான் சான்றிதழ் கிடைத்தது.

முதல் பருவத்தில் இரண்டு அரியர்: மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இன்ஜினியரிங் பிசிக்ஸ். தமிழ்வழியில் 78 எடுத்தவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. கேள்வியை ஆங்கிலத்தில் படித்து, எதைக் கேட்கிறது என்று பிரிப்பதில் நேரம் போனது. பைதான் பாடத்தில் தேறிவிட்டார். அடுத்த முயற்சியில் பிசிக்ஸ் முடிந்தது. கணிதம் நிலுவையில் இருக்கிறது.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் முதலில் இவருக்கு இல்லை. அதற்கும் அரசுப் பள்ளி நிபந்தனை இருந்தது. 2024 டிசம்பர் இறுதியில் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் திட்டம் விரிவானபோது கல்லூரி வழியாக விண்ணப்பித்தார். பணம் உடனே வரவில்லை. ஆதாரை வங்கியில் கொடுப்பது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கை ஆதாருடன் பொருத்துவது வேறு. இரண்டாவது நடந்திருக்கவில்லை. வங்கிக் கிளையில் படிவம் கொடுத்த பிறகு வரத் தொடங்கியது. விடுதி உணவில் மூன்றில் ஒரு பங்குக்கு அது ஆகிறது.

ஏ.ஐ.சி.டி.இ. பெண்களுக்குத் தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கல்லூரிச் சரிபார்ப்பு நிலையில் நின்றபோது யாரும் கவனிக்கவில்லை; கடைசி நாள் கடந்துவிட்டது. தரகரிடம் கொடுத்த 10,000 ரூபாயும் வரவில்லை.

அடுத்த ஆண்டுகளுக்கு மாற்றப்பட்டவை

ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையின்போதே ஆறு முதல் எட்டு வரையிலான பள்ளியின் வகையை எமிஸில் பார்த்து, 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு அல்லது இல்லை என்று பெற்றோரிடம் எழுத்தில் சொல்லிவிடுவது. இல்லை என்று நான்கு வருடம் முன்பே தெரிந்த வீடு வேறு மாதிரித் திட்டமிடும். இந்தக் குடும்பமே தம்பியை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று கேட்டிருக்கிறது. ஒதுக்கீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அரசுப் பள்ளி; ஆனால் அது ஐந்து கிலோமீட்டர், பக்கத்தில் இருக்கும் உதவிபெறும் பள்ளியில் கற்பித்தல் நன்றாக இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர்களே முடிவெடுக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

முதல் பட்டதாரி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களைப் பிப்ரவரியிலேயே விண்ணப்பிக்க வைப்பது. அப்போது படகு ஓடும், அறுபது ரூபாய் பெரிதாகத் தெரியாது. இ-சேவை மையத்திலும் கூட்டம் இல்லை. வங்கிக் கணக்கில் ஆதார் பொருத்தமும் அப்போதே. மாற்றுச் சான்றிதழை எந்தக் கல்லூரியிலும் கொடுக்கும் முன் சான்றொப்பமிட்ட நகல் ஐந்து எடுத்துவைப்பது; கலைக் கல்லூரியில் சேரும் நாளிலேயே, விலகினால் சான்றிதழ் கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று அலுவலகத்தில் கேட்டுவைப்பது. ஒதுக்கீடு வந்த அன்றே நிலுவையின்மைக் கையெழுத்துகளைத் தொடங்குவது. உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உதவித்தொகை விண்ணப்பத்தைப் போட்டதோடு விடாமல், எந்த நிலையில் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை பார்ப்பது. கல்லூரிச் சரிபார்ப்பில் நின்றால் அதற்குப் பொறுப்பான அலுவலரைத் தேடிப்போக வேண்டியது மாணவர்தான்.

பெற்றோர் கூட்டத்தின் தேதியும் மாறியிருக்கிறது. வழக்கமாக முடிவு வந்த பிறகு, மே கடைசியில் கூட்டுவார்கள். அதற்குள் தரகர்கள் வந்துபோயிருப்பார்கள். இப்போது ஏப்ரல் மூன்றாவது வாரம், தடைக்காலம் தொடங்கியவுடன், பள்ளியில் அல்லாமல் மீன் ஏலக்கூடத்தில் மாலை ஐந்து மணிக்கு. வருடத்தில் அப்பாக்கள் எல்லோரும் கரையில் இருக்கும் நாட்கள் அவைதான்.